பிளந்த முடி நுனிக்கு ஒரு குப்பி போட்டா என்ன?

கேள்வி
6 ஜனவரி 2024, இரவு 10:12

ஷூ லேஸ் நுனியில சின்னதா ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும்ல, அது இருக்கிற வரைக்கும் லேஸ் பிரியாது. முடி நுனிக்கும் அதே மாதிரி ஒரு குப்பி போட்டா வெடிப்பே வராதே? ஏன் யாருமே செய்யல? பார்லர்ல கேட்டா ரெண்டு இஞ்ச் எடுக்கணும்ங்கறாங்க. எனக்கு வெட்ட மனசில்ல. நூல், மெஷின் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

6 ஜனவரி, இரவு 11:05

நூல் தெரிஞ்சவங்கன்னு கூப்பிட்டுட்டீங்க, வந்துட்டேன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல குவாலிட்டி லேப். நூல் மேல நீட்டிட்டு நிக்கிற பிசிறை அளக்கறது தினப்படி வேலை. போதாததுக்கு இடுப்புக்குக் கீழ வரைக்கும் சொந்த முடி, நுனி பூரா வெடிப்பு.

அளவுல இருந்து ஆரம்பிக்கலாம். தலைமுடி தடிமன் 0.05-ல இருந்து 0.1 மி.மீ. 40 கவுண்ட் பருத்தி நூல் சுமாரா 0.14 மி.மீ. அதாவது நைஸ் சட்டைத் துணியில இருக்கிற நூலே முடியை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வீட்டுல யாராச்சும் இன்சுலின் பேனா வச்சிருந்தா அந்த ஊசியைப் பாருங்க. 32ஜி ஊசி வெளிப்பக்கம் 0.23 மி.மீ. உங்க குப்பி அதுல பாதிகூட இருக்கக் கூடாது, உள்ளே ஓட்டையும் வேணும்.

சரி, செஞ்சிட்டோம்னு வைங்க. தலையில ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒண்ணுக்குப் பத்து விநாடின்னா பத்து லட்சம் விநாடி. சோறு தண்ணி தூக்கம் இல்லாம பதினொன்றரை நாள்.

7 ஜனவரி, காலை 6:50

பஸ்ஸுல யோசிச்சது. எல்லா முடிக்கும் எதுக்குப் போடணும்? பிளந்ததுக்கு மட்டும் போதும். நேத்துப் போட்ட பதினொன்றரை நாள் அப்படியே சுருங்கிடும். ஆனா எது பிளந்ததுன்னு யார் தேடறது? இதை மனசுல வச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

இன்னொண்ணு. ஒரு நாளைக்கு 50-ல இருந்து 100 முடி கொட்டறது சகஜம். குப்பியோட கொட்டும். ரசத்துல முடி கிடந்தா இப்பவே வீட்டுல பஞ்சாயத்து, இனிமே குப்பியும் சேர்ந்து பல்லுல மாட்டும்.

7 ஜனவரி, மதியம்

கீழே ஒருத்தர் "பேன் சீப்பு போட்டா என்ன ஆகும்"னு கேட்டிருக்கார். எல்லாக் குப்பியும் சீப்போட வந்துடும் சார். அது மட்டும் இல்ல, வளையற பொருள் மேல விறைப்பான ஒண்ணை மாட்டினா வளைவு முழுக்க அந்த விளிம்புலதான் விழும். பழைய லேஸை எடுத்துப் பாருங்க, குழாய்க்கு ஒட்டி மேலதான் நஞ்சு போயிருக்கும். முடியும் அங்கதான் உடையும். நுனியைக் காப்பாத்தப் போய் நுனிக்கு ஒரு மி.மீ. மேல வெட்டின மாதிரி.

9 ஜனவரி, இரவு 8:30

"நைலான் கயிறு நுனியை லைட்டர்ல காட்டினா பிரியாதே, முடிக்கும் காட்டலாமே"னு ஒரு தம்பி கேட்டிருக்கார். இதை விளையாட்டா விட முடியாது, நிஜமாவே செய்யறாங்க. பிரேசில்ல பார்லர்லயே மெழுகுவத்தி சிகிச்சை உண்டு. முடியைக் கொத்தா எடுத்து முறுக்குவாங்க, பிளந்த நுனியெல்லாம் வெளிய நீட்டிக்கும், அது மேல சுடரை ஓட்டுவாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் முடி வெட்டற கடையில இதே மாதிரி மெழுகுத் திரியால நுனியைச் சுடற வழக்கம் இருந்தது. முடிக்குள்ள ஏதோ சாறு ஓடுது, வெட்டினா அது ஒழுகிடும், சுட்டா அடைச்சுக்கும்னு ஒரு நம்பிக்கை. சாறும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. தோலை விட்டு வெளிய வந்த முடிக்கு உயிரே இல்ல.

நைலான் உருகும். உருகி ஆறினா கெட்டியா மணி மாதிரி நிக்கும், அதனால கயிறு பிரியாது. முடி உருகாது, கருகும். பட்டுச் சேலை வாங்கறப்ப ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பாங்கல்ல? கருகின முடி நாத்தம் அடிச்சு, சாம்பல் விரல்ல பொடிஞ்சா பட்டு. உருகி உருண்டையானா பாலியஸ்டர். பட்டும் புரதம், முடியும் புரதம். முடியில கந்தகம் வேற ஏறக்குறைய 5 சதவீதம், அந்த நாத்தத்துல அதுக்குப் பெரிய பங்கு. ஆக சுட்டா நுனி அடைபடாது. பொடிஞ்சு விழற கரியும், பக்கத்துல சூடு பட்டு இன்னும் பலவீனமான முடியும்தான் மிச்சம்.

மெழுகுவத்தி சிகிச்சையில உண்மையா வேலை செய்யறது சுடர் இல்ல, அந்த முறுக்கு. முறுக்கினா பிளந்தது வெளிய தெரியுது, அவ்வளவுதான்.

(எங்க தொழில்லயும் நெருப்பு உண்டு. வாயில்னு (voile) சொல்ற மெல்லிசுத் துணிக்குப் போற நூலை கேஸ் சுடர் வழியா நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கான மீட்டர் வேகத்துல ஓட்டி பிசிறை எரிப்பாங்க. பருத்திங்கறதால பிசிறு சுத்தமா எரிஞ்சு போகுது, நூல் தப்பிச்சுக்குது. அந்த வேகத்துல தலையை ஓட்ட முடியாது.)

9 ஜனவரி, இரவு 8:41

தம்பி, போகிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அதுக்குள்ள தலையைக் கொளுத்த வேண்டாம்.

13 ஜனவரி, மாலை

லீவு ஆரம்பிச்சாச்சு. கேட்டவங்க திரும்பி வந்து "ஒட்டவாச்சும் முடியுமா அக்கா"னு கேட்டிருக்காங்க.

மில்லுல அறுந்த நூலை முடிச்சு போடாமலே ஒட்டுவோம், ஏர் ஸ்ப்ளைசர்னு ஒண்ணு. ரெண்டு நுனியையும் முறுக்குப் பிரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அழுத்தின காத்தை அடிச்சா இழையெல்லாம் பின்னிக்கும். கண்ணால பார்த்தா ஒட்டின இடம் தெரியாது. ஆனா 40 கவுண்ட் நூலுக்குள்ள நூறுக்குக் கொஞ்சம் குறைச்சலா தனித்தனி பஞ்சு இழை இருக்கு, அதுதான் பின்னுது. முடி ஒத்தை இழை. பிளந்த ரெண்டு கிளை மேல காத்து அடிச்சா ரெண்டும் ஆடும், அவ்வளவுதான்.

முடியோட அமைப்பு இப்படி: வெளிய மீன் செதில் மாதிரி அஞ்சுல இருந்து பத்து அடுக்கு. உள்ளே நீளவாட்டுல கெரட்டின் நாரு கட்டு கட்டா. செதில் தேய்ஞ்சு போற வரைக்கும் கட்டு பிரியாது. தேய்ஞ்சதும் சீப்பு ஒவ்வொரு தடவை இழுக்கறப்பவும் விரிசல் நீளவாட்டுலயே மேல ஓடும். அதனாலதான் பிளவைக் கண்டுக்காம விட்டா அது நுனியிலேயே நிக்கறதில்ல.

ஒட்டறதுக்குப் பசை இருக்கு. தறியில நீளவாட்டுல ஓடற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு பிசிறைப் படிய வைக்கறோம்ல, கண்டிஷனர் செய்யறது கிட்டத்தட்ட அதுதான். அடிபட்ட முடி மேல எதிர் மின்னேற்றம் அதிகம், கண்டிஷனர்ல இருக்கிறது நேர் மின்னேற்றம். அதனால எங்க அடிபட்டிருக்கோ அங்கயே போய் நல்லா ஒட்டிக்குது. ரெண்டு வகை மின்னேற்றத்துலயும் பாலிமர் கலந்து பிளந்த ரெண்டு கிளையையும் சேர்த்துப் பிடிக்கற சீரம்கூட உண்டு. ஆனா கஞ்சிதான். சில தடவை தலைக்குக் குளிச்சா போயிடும். "ரிப்பேர்"னு பாட்டில்ல போடறதெல்லாம் இந்தக் கணக்குதான்.

17 ஜனவரி

பொங்கல் முடிஞ்சு வீட்டுல உட்கார்ந்து நுனியையே பார்த்துட்டு இருக்கேன். முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளரும். என் சடையில நீளமானது 87 செ.மீ. வருது. அந்த நுனி தலையை விட்டு வெளிய எட்டிப் பார்த்தப்ப 500, 1000 ரூபா நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சு நாங்க பேங்க் வாசல்ல நின்னுட்டு இருந்தோம். அன்னையில இருந்து சீப்பு, துண்டு, ஹேர் டிரையர், தலையணை, போர்வெல் தண்ணின்னு எல்லாத்தையும் தாங்கி வந்திருக்கு. வெடிக்காம இருந்தாதான் ஆச்சரியம்.

"நுனியை வெட்டினா முடி வேகமா வளரும்"னு மேலே ஒருத்தர். இல்லீங்க. வளர்றது வேர்ல. நுனியில கத்தரி பட்டது அங்க எப்படித் தெரியும்? வெட்டினா மேல ஓடற விரிசல் நிக்கும், உடைஞ்சு போற நீளம் மிச்சமாகும். பார்க்கறவங்களுக்கு வளர்ந்த மாதிரி தெரியும்.

17 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

செதில்னு சொன்னேன்ல, அதைக் கையாலயே பார்க்கலாம். ஒரு முடியை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு விரலை முன்னும் பின்னும் நீளவாட்டுல தேயுங்க. முடி தானா ஒரு பக்கமா நகரும். எப்பவும் வேர்ப் பக்கம் முன்னாடி போகும். செதில் நுனியைப் பார்த்துப் படிஞ்சிருக்கிறதால அந்தப் பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் பிடிக்கும்.

சீப்புல சிக்கின முடியை வீடு வீடா வந்து வாங்கிட்டுப் போறாங்கல்ல, பாத்திரத்துக்கோ பின்னுக்கோ? அந்த முடிக்கு விலை குறைவு. காரணம் இதுதான். வேரும் நுனியும் மாறி மாறிக் கலந்திருக்கும், செதிலோட செதில் மாட்டிச் சிக்காகும். கர்நாடகத்துல கொப்பள் பக்கம் பாக்யநகர்ல அந்தச் சிக்கை எடுக்கறதே ஒரு பெரிய தொழில். கோயில் முடிக்காணிக்கையில வர்றது கொத்தா ஒரே பக்கம் நிக்கும், அதுக்கு மவுசு தனி. சவுரி வாங்கறவங்க நுனியில இருந்து மேல உருவிப் பாருங்க, சொரசொரன்னா செதில் இருக்குன்னு அர்த்தம்.

எங்கயோ போயிட்டேன்.

21 ஜனவரி, இரவு

இப்ப என் முடிவு: ஒட்டவும் வேண்டாம், குப்பியும் வேண்டாம். பிளந்த நுனியை மட்டும் அரை செ.மீ. வெட்டினா போதும். கத்தரி ரெண்டு விநாடி வேலை. தேடறதுதான் வேலை. இடுப்பு நீள முடியில நுனியெல்லாம் ஒரே மட்டத்துல இருக்காது. நடுச்சடையில பாதி வழியில முடியற நுனி எத்தனையோ. பார்லர்ல ரெண்டு இஞ்ச் கேக்கறதும் அதனாலதான். தேடறதுக்கு அவங்களுக்கு நேரம் இல்ல, அடியில மொத்தமா எடுத்துடறாங்க. அப்படி எடுத்தாலும் நடுவுல இருக்கிறது அப்படியே நிக்கும்.

ஆக நமக்கு வேண்டியது குப்பி மாட்டற மெஷின் இல்ல, நுனி தேடற மெஷின். மில்லுல நூல் சுத்தின கோன் மேல தொலைஞ்ச நுனியை சக்ஷன் குழாய் உறிஞ்சித் தேடும். திருப்பூர்ல ஃபினிஷிங்ல பனியனோட பிசிறை உறிஞ்சற மெஷினும் உண்டு. வேக்கம் கிளீனர் வாயில மெல்லிசா ஒரு பிளவு வச்சு சடை ஓரமா ஓட்டினா?

ஓட்டிப் பார்த்தேன். நுனியும் வந்துச்சு, சடையும் வந்துச்சு. அம்மா சுவிட்சை அணைச்சாங்க.

22 ஜனவரி

அமெரிக்காவுல ஸ்பிளிட் எண்டர்னு ஒரு கருவி விக்கறாங்கன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். உண்மைதான். முடியை இறுக்கிப் பிடிச்சு உருவிட்டே போகும், மேல நீட்டற நுனியை மட்டும் 3-ல இருந்து 6 மி.மீ. வரைக்கும் வெட்டும். யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா பிளந்த நுனி, நல்ல நுனி, இப்பதான் முளைச்ச குட்டி முடின்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. நீட்டினா வெட்டு. எங்க மில்லுல நூல்ல கோளாறான இடத்தை வெட்டி எடுக்கற யார்ன் கிளியரரே அதை விட யோசிக்கும், தடிமன் எவ்வளவு, நீளம் எவ்வளவுன்னு பார்த்துட்டுத்தான் வெட்டும்.

28 ஜனவரி, காலை

கிடைச்சிடுச்சு. சிரிக்காம படிங்க.

அண்ணன் பொண்ணு எட்டாவது. அறிவியல் பாடத்துல தங்க இலை நிலைமின்காட்டி படிச்சுட்டு இருந்தா. 1787-ல ஆபிரகாம் பென்னட் செஞ்சது. கண்ணாடிக் குடுவைக்குள்ள ரெண்டு தங்கத் தகடு தொங்கும், மின்னேற்றம் வந்தா ரெண்டுக்கும் ஒரே மின்சுமை, ஒண்ணை ஒண்ணு விலக்கி விரியும். அவ சத்தமா ஒப்பிச்சுட்டு இருந்தா, நான் நுனியைப் பார்த்துட்டு இருந்தேன்.

பிளந்த முடியிலயும் ரெண்டு கிளை. பலூனைத் தலையில தேய்ச்சா முடிக்கு நேர் மின்னேற்றம். ரெண்டு கிளைக்கும் ஒரே மின்னேற்றம்னா விரியணும்! அதுவும் இல்லாம ஒவ்வொரு முடியும் பக்கத்து முடியை விலக்கிட்டுத் தனியா நிக்கும். பின்னாடி வெள்ளை வேட்டியைத் தொங்க விட்டு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சு, நூல் வெட்டற கத்தரியோட ஒரு ஆள் நின்னா போதும்.

செலவு: ஒரு பலூன்.

28 ஜனவரி, மாலை

செஞ்சு பார்த்தாச்சு. காலையில தலைக்குக் குளிச்சு நல்லாக் காய வச்ச முடி. கொத்து கொத்தா எடுத்து அடியில கிளிப் போட்டு பலூன் தேய்ச்சோம். முடி தனித்தனியா நிக்கறது பிரமாதம். சடையில ஒளிஞ்சிருந்த நடு நுனியெல்லாம் கூட வெளிய வந்துச்சு. கிளை விரியறது மட்டும் நான் நினைச்ச அளவுக்கு இல்ல. நீளமாப் பிளந்தது நல்லா கவட்டையா விரியுது. ரெண்டு மி.மீ. பிளவெல்லாம் விறைப்பா நிக்குது, மின்சாரத்தை மதிக்கறதில்ல. பரவாயில்ல, தனியா நிக்கற நுனியில பிளந்த இடம் வெளுத்த புள்ளியா கண்ணுக்குத் தெரியுதே.

வேடிக்கை என்னன்னா, மில்லுல இந்த நிலைமின்சாரம்தான் எதிரி. அது வரக் கூடாதுன்னுதான் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட்ல ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்துல நிறுத்த தனியா பிளாண்டே ஓடுது. வீட்டுக்கு வந்து அதே பிசாசுக்கு நான் பலூன் ஊதறேன்.

2 பிப்ரவரி

சென்னையில இருந்து ஒரு அக்கா: "பலூன் ஊதி ஊதி வாய் வலிக்குது, ஒரு முடி கூட எழுந்திரிக்கல."

அக்கா, கடல் காத்து. ஈரம் இருந்தா மின்னேற்றம் நிக்காம ஒழுகிடும். ஏசி ரூமுக்குள்ள முயற்சி பண்ணிப் பாருங்க. அப்புறம், தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீங்களா?

2 பிப்ரவரி, இரவு

வச்சிருக்காங்களாம். கண்டிஷனரும் போட்டாங்களாம்.

இதுதான் இந்தக் கருவியோட பெரிய சிக்கல். கண்டிஷனர் வேலையே மின்னேற்றத்தை அமத்தறது. எண்ணெய் தடவின முடியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு எழும்பாது. எண்ணெயை விடச் சொல்லவும் மனசு வரல. 2003-ல மும்பை மாரிக்கோ ஆராய்ச்சிக்காரங்க வெளியிட்ட ஆய்வுல, தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டுப் பார்த்து, முடியில இருந்து புரதம் கழுவிப் போறதைக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும்தான்னு சொல்லியிருக்காங்க. அதுல இருக்கிற லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு, முடிக்குள்ளயே இறங்குது. எண்ணெய் விக்கற கம்பெனியோட ஆய்வுதான், ஆனா காரணம் நியாயமாத்தான் இருக்கு. தண்ணி பட்டா முடி ஊதும், காஞ்சா சுருங்கும். உள்ளே எண்ணெய் இருந்தா அந்த ஊதல் குறையும்.

அதனால இப்படி வைங்க: எண்ணெய் வழக்கம் போல. வேட்டை நாள்ல மட்டும் ஷாம்பு போட்டு, கண்டிஷனர் இல்லாம, நல்லாக் காய விட்டு பலூன். வெட்டி முடிச்சதும் மறுபடி எண்ணெய்.

11 பிப்ரவரி

ஜப்பான்ல கென்ஜி கவாகாமின்னு ஒருத்தர் இந்த மாதிரி பொருளுக்குன்னே சிந்தோகுன்னு ஒரு வகையே உருவாக்கினார். பூனைக் காலுக்குத் தரை துடைக்கிற செருப்பு, நூடுல்ஸ் ஆத்தறதுக்குக் குச்சியிலயே காத்தாடி, இப்படி. விதி பத்து. பொருள் நிஜமாவே இருக்கணும், உபயோகப்படற மாதிரி இருந்தாலும் உபயோகப்படக் கூடாது, விக்கக் கூடாது, காப்புரிமை வாங்கக் கூடாது. கேட்டவங்களோட குப்பியைச் சேர்த்துக்க மாட்டார், அது நிஜத்துல இல்லையே. என் பலூனையும் சேர்க்க மாட்டார்னு நினைக்கறேன், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உபயோகப்பட்டுத் தொலைக்குது.

18 பிப்ரவரி

வேட்டியில வெட்டி விழுந்ததைக் கொண்டு போய் லேப் மைக்ரோஸ்கோப்ல வச்சேன். இங்கிலீஷ் ஒய் மாதிரி ரெண்டாப் பிரிஞ்சது, இறகு மாதிரி பக்கத்துல கிளை விட்டது, நடுவுல மட்டும் பிளந்து மறுபடி சேர்ந்து ஊசிக் காது மாதிரி ஓட்டை விட்டதுன்னு தினுசு தினுசா. சிலதுல நுனி சரியாவே இருக்கு, பாதி வழியில வெள்ளையா ஒரு கணு. அந்த இடத்துல நாரெல்லாம் நசுங்கி விரிஞ்சு, ரெண்டு பிரஷை நேருக்கு நேர் சொருகின மாதிரி நிக்குது. அடுத்த தடவை சீப்பு பட்டா அங்கயே ஒடியும்.

குப்பி யோசனைக்கு இதுதான் கடைசி ஆணி. நுனியைப் பூட்டி வச்சாலும் நடுவுல ஒடிஞ்சா அங்க புது நுனி.

ஈரத்தலையில சீப்பு போடறதை விடுங்க. நனைஞ்ச முடி ரப்பர் மாதிரி இழுபடும், காஞ்ச முடியை விட சீக்கிரம் அறும். ஈர முடியில ஸ்டிரெயிட்னர் வைக்கறது அதை விட மோசம். உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி முடிக்குள்ளயே கொப்புளம் விடும். துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. இதையெல்லாம் எங்க ஆத்தா மைக்ரோஸ்கோப் இல்லாமயே சொல்லிட்டுப் போயிடுச்சு, கேட்டாத்தானே.

24 பிப்ரவரி

கேட்டவங்க எழுதியிருக்காங்க: "ரெண்டு இஞ்ச் போகலக்கா, பலூன்ல தேடித் தேடி வெட்டினதுல நீளம் அப்படியே இருக்கு, ஆனா அரை நாள் போச்சு." சந்தோஷம். அரை நாள் போகும்தான். ஒரே நாள்ல முடிக்க நினைக்காதீங்க, கண்ணு போயிடும். கத்தரி மட்டும் நல்லதா வாங்கிக்கங்க. காகிதம் வெட்டின மொக்கைக் கத்தரி முடியை நசுக்கும், வெட்டின இடமே அடுத்த பிளவுக்கு ஆரம்பம்.

28 பிப்ரவரி, மாலை

இன்னைக்கு தேசிய அறிவியல் நாள். அண்ணன் பொண்ணு ஸ்கூல் கண்காட்சிக்கு என் சாமானை முழுசாத் தூக்கிட்டுப் போயிட்டா. வேட்டி, டார்ச், பலூன், நான் நீளமாப் பார்த்து எடுத்து வச்ச பிளந்த முடி எல்லாம். "தங்கம் விலை அதிகம் என்பதால் முடியில் செய்த மின்காட்டி"னு சார்ட் எழுதியிருக்கா. பார்க்க வந்த சார் "இதனால என்ன பயன்"னு கேட்டாராம். "அத்தைக்கு உபயோகமா இருக்கு சார்"னு சொல்லியிருக்கா.

காலையில நல்லா விரிஞ்சுச்சாம். மதியம் ஹால்ல கூட்டம் சேர்ந்து வேர்வையும் புழுக்கமும் ஆனதும் ஒரு முடி கூட அசையலையாம். பிள்ளைங்க ஆளாளுக்குப் பலூனைத் தேய்ச்சு உடைச்சதுதான் மிச்சம். நாளைக்கும் வைக்கச் சொல்லியிருக்காங்களாம், காலையில சீக்கிரமே காட்டிடணும்ங்கறா. எடுத்துட்டுப் போன முடியெல்லாம் தொலைஞ்சு போச்சு, அதனால எனக்கு உத்தரவு வந்திருக்கு: இன்னைக்கு ராத்திரி தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது.